தொப்புள் தையல்

கொள்ளுப்பிட்டிக் கடைக்காரி இமேஷா
நூறு பொம்மைகளின் கழுத்தில் கட்டச் சொல்லி
நூறு அட்டைகள் அனுப்பியிருக்கிறாள்.
மூன்று மொழியிலும் அச்சு.
தமிழில் மட்டும் இரண்டு எழுத்துப் பிழை.

இத்தீவின் பூர்வகுடிப் பெண்கள்
வழிவழியாகச் செய்துவரும் பாவையாம் இது.
வயிற்றில் ஓடும் சிவப்புத் தையல்
தாயையும் சேயையும் இணைக்கும் கொடியாம்.

சிரித்தேன். வாயில் ஊசி இருந்ததால்
அரைச் சிரிப்பு.

பூர்வகுடியாகிய நான்
ஜிந்துப்பிட்டியில் நாற்பத்தொரு படிக்கு மேலே இருக்கிறேன்.
தண்ணி விடிய நாலரைக்கு வரும், ஐந்தரைக்குப் போகும்.
துணி, கார்மெண்ட்ஸ் கழிவு.
ஏதோ குளிர்நாட்டுப் பிள்ளைகளின் பைஜாமா ஓரங்கள்,
மூட்டையாக நிறுத்து வாங்குவது.
ஒரு கரடியின் பாதி, ஒரு நட்சத்திரத்தின் கால்,
எல்லாம் முதுகுப் பக்கம் போய்விடும்.
முடிக்குக் கறுப்புக் கம்பளி நூல்.
கண்ணை மட்டும் மெசினில் அடிப்பதில்லை;
கையால், ஆகக் கடைசியாக.
முன்னமே வைத்துவிட்டால்
கால் தைக்கும்போது பார்த்துக்கொண்டே இருக்கும்.

அந்தச் சிவப்புத் தையல்
ஆமர் வீதிச் சந்தியில் பிறந்தது.
பஸ்ஸை விட்டு எல்லோரும் இறங்கி வரிசையில்.
என் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு,
கைப்பை, சோற்றுப் பார்சல்
எல்லாம் பார்த்து முடிந்தது.
பிறகு நிலோஜினியின் இடுப்பிலிருந்த டொறிஸ்.
எங்கள் வீட்டுக்காரியின் பெயர் அது,
உடம்பும் அவளுடையதுதான், நல்ல பருமன்.
என் மெலிந்த பிள்ளைக்கு
ஒரு குண்டுப் பிள்ளை இருக்கட்டும் என்று
நான்தான் அள்ளி அடைத்திருந்தேன்.

ஆமிக்காரப் பொடியன் அமத்திப் பார்த்தான்.
"மேகே மொனவத?"
"புளுன் சேர். புளுன் விதரய்."
அன்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி அது.

சவர பிளேட். தொப்புளிலிருந்து மேலே நாலு விரல்.
இலவம் பஞ்சு பறந்தது,
மணல் மூட்டையில் ஒட்டியது, அவன் தொப்பியில்,
பின்னால் நின்ற கண்டக்டரின் மீசையில்.
நிலோஜினி அழவில்லை.
எட்டிய பஞ்சையெல்லாம் பிடித்துப் பிடித்து
கவுன் பைக்குள் போட்டாள்.
அவன் மிச்சத்தைத் திரும்பத் திணிக்கப் பார்த்தான்.
துவக்கு தோளிலிருந்து வழுகியபடி இருந்தது.
எல்லாவற்றையும் கழுத்துக்குள்ளேயே அடைத்துவிட்டு
அடுத்த பையைக் கேட்டான்.

அன்றிரவு வீட்டில் இருந்தது சிவப்பு நூல் மட்டும்.
கடைகள் பூட்டியாயிற்று.
தைத்தேன், அகல அகலமாக,
காசல் வீதி ஆஸ்பத்திரியில்
அவள் பிறந்தபோது எனக்குப் போட்ட மாதிரி.

விடியத் தன் மற்றப் பொம்மையைத் தூக்கி வந்தாள்.
அதன் வயிறு முழுசாகத்தான் இருந்தது.
"இதுக்கும் போடுங்கம்மா.
செக் பண்ணியாச்சு எண்டு
அவங்களுக்குத் தெரியோணும்."

பிறகு முன்வீட்டு சகாயமேரியின் மகள் வந்தாள்.
பிறகு கீழ்மாடி சித்தி பரீனாவின் மூன்று பிள்ளைகளும்,
ஒருத்தி கையில் பிளாஸ்டிக் பொம்மை;
அதற்கு லிப்ஸ்டிக்கால் கீறிக் கொடுத்தேன்.
சிவப்புக் கோடு இல்லாத பொம்மைக்கு
எங்கள் படிக்கட்டில் அதன்பின் இடமில்லை.

இப்போது அடைப்பது கட்பீஸ் தூள்.
அது பறக்காது.

நிலோஜினிக்குக் கூரியர் கந்தோரில் வேலை,
பார்சல்களை மெசினுக்குள் அனுப்பி
உள்ளே என்னவென்று பார்ப்பது.
நேற்றிரவு உடை மாற்றாமலே உட்கார்ந்து
நூறு அட்டையிலும் பேனாவால்
இரண்டு எழுத்தையும் திருத்தினாள்.
மற்றதை?
"அது இருக்கட்டும்மா," என்றாள்,
கொட்டாவி விட்டபடி.

காலையில் இமேஷாவின் கோல்.
எல்லாம் வடிவாம். அந்தச் சிவப்புத் தையலை மட்டும்
கொஞ்சம் சின்னதாக, நேர்த்தியாகப் போட ஏலாதா அக்கா,
வெள்ளைக்காரர் பார்க்கிறது.

"ஏலாது மிஸ்," என்றேன்.
"அது சம்பிரதாயம். கை வைக்கக் கூடாது."

நூலை எச்சில் தொட்டுக் கோத்தேன்.
நாற்பத்து மூன்றாவது வயிறு.