தோன்றா எழுவாய்

வியன்னா. மூன்றாவது வரைவு.
'வீடுகளை எரித்தனர்' என்றிருந்தது.
தூதர் தாலாய்பெக் பேனாவைத் திறக்காமலே
மூடியால் தொட்டுக் காட்டினார்:
'எரிந்தன' போதுமே, ஜில்திஸ்.

தகரம் போய் நகரம் வந்தது.
வாலிலிருந்த ரகரம் உதிர்ந்ததில்
ஆட்கள் போய்விட்டார்கள்.
நகரம் தானாக எரிந்தது.

மதியம், நீள் மேசை.
கவலை தெரிவித்தார்கள்.
அந்தக் கவலையைப் பகிர்ந்துகொண்டோம்,
ரொட்டியைப் பிட்டுக்கொள்வதுபோல.
இரு தரப்பு என்றோம். உள்விவகாரம் என்றோம்.
ஜெர்மானியர் ஒருவர் எண்ணிக்கை கேட்டார்.
எண்ணிக்கை விசாரணையில் இருக்கிறது என்றோம்,
அதுதான் பிடிபட்ட ஆள் என்பதுபோல.
நிலைமை சீராகிவருகிறது,
இது என் வாக்கியம்.
ஓஷில் அக்கா எடுக்காத
பதினோரு அழைப்புகளுக்கு நடுவே எழுதியது.

தேநீருக்கு எங்கள் நாட்டுக் கிண்ணங்கள்.
பின்லாந்துப் பெண்மணி
ஒரு பாதாமிக் கொட்டையை எடுத்தார்,
விரல்நுனியைப் பார்த்தார்.
இந்த வெள்ளை என்ன?

சாம்பல், என்றார் தூதர் முகம் மலர்ந்து.
உப்புநீரில் ஊறவைத்து
சாம்பலில் புரட்டி வறுப்பார்கள்.

யார்?

முசுக்கட்டைத் தெரு உஸ்பெக் பெண்கள்.
அதிலும் முக்கத்தஸ் என்று ஒருத்தி,
அவள் கைப்பக்குவம்

அங்கே நின்றார்.
காலையிலிருந்து முதல்முறையாக
எங்கள் தரப்பில் ஓர் எழுவாய்.

குறிப்பெடுப்பவள் நான்.
எழுதவா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.
தூதர் குனிந்து
கைக்குட்டையால்
ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.