முறை

நீடாமங்கலம், செல்போன் கடை மாடி.
கட்டம் போட்ட தாளில்
பதினேழு நிலவறைகள்.
யாருக்கும் சொல்லாத விதி:
ஆறு உருட்டு கோரையாற்றுக்கு,
அடுத்த ஆறு வெண்ணாற்றுக்கு.
திறந்த பக்கத்து அறைகள் மூழ்கும்.
மூடிய பக்கத்தில்
சேற்றிலிருந்து புதுக்கதவு முளைக்கும்.

மூன்று ஞாயிறாக
வரைபடத்தைக் கிழித்துக் கிழித்து வரைகிறார்கள்.
"போன வாரம் இங்க படிக்கட்டு இருந்துச்சு"
என்கிறான் ஞானசுந்தர்.
இருந்தது.
நான் டீயை ஆற்றுகிறேன்.

பெனாசிர் மட்டும் எதையும் வரையவில்லை.
கூத்தாநல்லூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது,
செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"முறைத்தண்ணிதானே? அது போன வாரமே தெரியும்.
இன்னொண்ணு இருக்கு.
எங்க பந்தம் அணைஞ்சா இருட்டுதான்.
வேதரத்தினத்துக்கு அணைஞ்சா மட்டும்
அடுத்த அறையில வெளிச்சம் வருது."

அப்படி எதுவும் நான் எழுதவில்லை.

எல்லோரும் போன பிறகு
குறிப்பேட்டைப் புரட்டினேன்.
ஒன்பது தடவை அணைந்திருக்கிறது.
ஒன்பது தடவையும் வந்திருக்கிறது.

தலைஞாயிறுக்கும் கிழக்கே அவன் ஊர்,
கடைமடை.
அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை;
பகடையைக் கொஞ்ச நேரம்
உள்ளங்கையிலேயே வைத்திருந்துதான் உருட்டுவான்.

ரப்பரை எடுத்தேன்.
எந்த வரியை அழிப்பது
என்று தெரியவில்லை.