படிக்கட்டில் ஒரு சிறு கோடு

க்ளைபெடா துறைமுக மருத்துவமனை, மூன்றாம் தளம்.
என் வேலை தொலைபேசியில் கேட்பது:
உயிரோடு இருக்கிறீர்களா?

அப்படிக் கேட்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள்.
நலம் விசாரிக்க அழைத்தோம் என்று தொடங்க வேண்டும்.
யார் எடுக்கிறார்கள் என்பதிலேயே
பாதி பதில் வந்துவிடும்.

மாரடைப்பு வந்த முதல் நாளுக்குள்
எடுத்த ரத்தம்தான் எங்கள் கணக்கில் சேரும்.
பிந்தினால் கொழுப்பு தானாக இறங்கிவிடும்,
திருட்டுப் போன வீட்டைப் போலீஸ் வருமுன்
யாரோ கூட்டிப் பெருக்கி வைத்ததுபோல.

அல்விதாஸ் கிரேன் ஓட்டியவர். ஐம்பத்தெட்டு வயது.
சட்டையில் புகைத்த விலாங்கின் வாசனை.
சுழலியிலிருந்து வெளியே வந்த அவர் சீரத்தின் மேல்
தடித்த பாலாடை மிதந்தது.
ட்ரைகிளிசரைடு, எல்டிஎல், இன்னும் மூன்று பெயர்கள்,
எல்லாம் சிவப்பு எழுத்தில்.
ஆய்வகத்து ரிங்கைலே குழாயை விளக்கில் பிடித்து
இதைக் காப்பியில் ஊற்றலாம் என்றாள்.
சிரித்தோம்.
ராத்திரி மூன்று மணிக்கு எதற்கும் சிரிக்கலாம்.

அடுத்த கட்டிலில் ஸெனோனா,
தபால் நிலையத்தில் ஓய்வு பெற்றவர்.
எல்டிஎல் ஒன்று புள்ளி ஏழு.
வைக்கோல் நிறத்தில் தெளிந்த சீரம்.
நல்ல எண் என்று அவரிடம் நான்
சொல்லியிருக்கக் கூடாது.

புள்ளியியல்காரர் தௌகிர்தாஸ் பிறகுதான் காட்டினார்:
மாரடைப்போடு வந்து சேர்கிறவர்களில்
கொழுப்பு குறைந்தவர்களே முந்திக்கொள்கிறார்கள்,
எல்லா ஆய்விலும் இல்லை, சிலவற்றில்.
ஏன் என்றேன்.
வயதா, மெலிவா,
வேறொரு நோய் உள்ளே தின்றுகொண்டிருந்ததா,
தோளைக் குலுக்கினார்.
அடுப்படியில் விறகு குறைவாக இருந்தால்
சிக்கனமாகவும் இருக்கலாம்,
தீர்ந்துபோனதாகவும் இருக்கலாம்.

நவம்பரில் ஸெனோனாவின் எண்ணை மகன் எடுத்தான்.
படிவம் தேதியை மட்டும் கேட்டிருந்தது.
தேதியை மட்டும் கேட்டேன்.
அவனாகச் சொன்னான்:
ஒன்று புள்ளி ஏழு என்று எழுதி
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தார் அம்மா.
அது என்ன எண்?

எங்கள் முடிவுகளை வரைந்தால் படிக்கட்டு வரும்,
இடமிருந்து வலமாக இறங்கும்.
ஒரு படி ஒரு ஆள்.
ஸெனோனா இறங்கிய இடத்தை
என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும்.
அல்விதாஸ் எந்தப் படியிலும் இல்லை.

பதிவேட்டில் அவருக்கு எழுதியிருந்தது
ஓராண்டு கூடத் தாங்காத கணக்கு.
ஆறாம் மாதம் பேசினார்,
மாத்திரை கசக்கிறது என்றார், அவ்வளவுதான்.
பிறகு வீடு பூட்டிக் கிடந்தது.
நோர்வேயில் மீன் வெட்டப் போய்விட்டார் என்றார் மேல் வீட்டுக்காரர்.
அயர்லாந்தில் மகளிடம் என்றாள் அவர் மனைவி,
அதே கதவிடுக்கிலிருந்து.

இப்படிப்பட்டவர்களுக்கு
கடைசியாகப் பேசிய நாளின் மேல்
ஒரு சிறு கோடு கிழிப்பது வழக்கம்.
இதுவரை இருந்தார் என்று பொருள்.
அது யாரையும் கீழே இறக்காது.

மார்ச்சில் ஆய்வு முடிந்தது.
சாப்பாட்டு இடைவேளையில் இன்னும் அந்த எண்ணை அழுத்துகிறேன்.
எடுப்பதில்லை.
ஆனால் மணி இப்போது வேறு மாதிரி ஒலிக்கிறது,
நீளமாக, வெளிநாட்டுத் தாளத்தில்.
எங்கோ ஒருவர் அந்தப் போனுக்குச்
சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறார்.

தௌகிர்தாஸிடம் சொன்னேன்.
படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு
இதற்குக் கட்டம் இல்லையே என்றார்.