இறங்கும் கணக்கு

லிஃப்ட் பொங்கலுக்கு நின்றது.
இப்போது அக்னி நட்சத்திரம்.
'பழுது' என்று எழுதித் தொங்கவிட்ட அட்டையே
ஒரு மூலை பிய்ந்து தொங்குகிறது.

சூளைமேட்டில் மூன்றாவது மாடி. ஐம்பத்துநாலு படி.
எத்திராஜ் கேனோடு வருவது
இரண்டாம் திருப்பத்திலேயே கேட்டுவிடும்.
உள்ளே தண்ணீர் அவருக்குச் சற்றுப் பிந்தித்தான் ஏறும்.
அவர் நின்றபின்னும்
தனக்கு இன்னும் சேதி வரவில்லை என்பதுபோல்
குலுங்கிக்கொண்டிருக்கும்.

நான் முட்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பவள்,
வடபழனி கிளினிக்கில் நாளுக்குப் பதினாறு முட்டி.
மனிதர்கள் எனக்கு நெம்புகோல்களாக, கீல்களாகத் தெரிவார்கள்.
கல்யாண வீட்டில்கூட.

இடது தோளில் இருபது கிலோ ஏறியதும்
அவர் உடம்பு வலப்பக்கம் ஒதுங்குகிறது,
பஸ் சீட்டில் மூன்றாமவருக்கு இடம் விடுவதுபோல.
அவர் எடையும் தண்ணீரின் எடையும் சேர்ந்து
ஒரே புள்ளியாகி,
அந்தப் புள்ளி பாதத்துக்கு நேர்மேலே வந்தால்தான்
அடுத்த படி.
இதை அவர் எங்கும் படிக்கவில்லை.

படித்த நான், ஒருநாள்
அதே கேனை மார்புக்கு முன்னால் அணைத்துத் தூக்கினேன்.
முதுகெலும்பிலிருந்து ஒரு முழம் தள்ளி இருபது கிலோ.
பின்னாலிருந்து இழுத்துச் சமன்செய்யும் தசைக்கோ
மூன்று விரற்கடை தூரம்தான் பிடிமானம்.
இருபது, நூற்றறுபது ஆனது.
நோயாளிகளுக்குச் சொல்லும் தலையணையை
என் காலுக்கடியில் வைத்து
மூன்று நாள் கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.

இன்று வாசலில் நிற்கிறார்.
ஜிபே வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
காலி கேன் பால்கனியில், ஈரத்துணிகளுக்குப் பின்னால்.
"எறக்கி வைங்களேன்."
"பரவால்ல மேடம், திருப்பித் தூக்கணும்."

பாடப்புத்தகத்தின்படி
அவர் இப்போது செய்யும் வேலை பூஜ்யம்.
விசை உண்டு, நகர்வு இல்லை; பெருக்கினால் சைபர்.
ஆனால் கழுத்தோரம் ஏதோ துடிக்கிறது.
சுவர் ஆணிக்குத்தான் சும்மா தாங்கத் தெரியும்.
தசைக்குத் தெரியாது.
அதன் இழைகள் பிடித்து, விட்டு, பிடித்து
ஷிஃப்ட் மாற்றிக்கொண்டே இருக்கின்றன,
ஒரு கேன் அசையாமல் இருப்பதற்காக.

ஏறிவந்ததற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
ஆளும் கேனும் எழுபத்தெட்டு கிலோ, ஒன்பது மீட்டர்.
ஒரு மேரி பிஸ்கட்டில்
மூன்றில் ஒரு துண்டு போதுமாம்.
தப்பில்லாத கணக்கு.
எனக்கே வெட்கமாக இருந்தது.

"மாடிக்கு அஞ்சு ரூபா, மூணு மாடிக்குப் பதினஞ்சு."
"எறங்குறதுக்கு?"
சிரித்தார்.
"அது தானா வர்றது. காலி கேன்தானே."

தானாக வருவதில்லை.
இறங்கும் ஒவ்வொரு படியிலும்
தொடைத்தசை நீண்டுகொண்டே இறுகவேண்டும்,
பிரேக்கை விடாமல் மேம்பாலம் இறங்கும் லாரிபோல.
முட்டிச் சில்லின்மேல்
உடம்பு மூன்று மடங்காகிறது.
புத்தகம் இதற்கு வைத்த பெயர் எதிர்மறை வேலை.
எதிர்மறை என்றால்
வாங்கவேண்டியதா, கட்டவேண்டியதா?
கூலிப் பட்டியலில் அந்த வரியே இல்லை.

சொல்லாமல் இருக்க முடியவில்லை.
"ஏறுறப்போ நல்ல காலை மொதல்ல வைங்க.
எறங்குறப்போ நோவுற கால் மொதல்ல."

எத்திராஜ் குனிந்து
தன் இரண்டு கால்களையும் பார்த்தார்,
யாரை முதலில் கூப்பிடுவது என்று தெரியாதவர்போல.
"எது மேடம் நல்ல கால்?"

பணம் போய்ச் சேர்ந்த குரல்
அவர் சட்டைப்பையில் ஒலித்தது.
காலி கேனைக் கழுத்தில் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்.
கதவைச் சாத்தாமல் எண்ணுகிறேன்.
வலது நீளம், இடது குட்டை.
நீளம், குட்டை.
முப்பத்தொன்றில் சத்தம் நிற்கிறது.
கேன் சுவரில் ஒருமுறை மோதி
டொம் என்கிறது.

வெகுநேரம் கழித்து
முப்பத்திரண்டு.