வெள்ளிக்குள் ஒரு செவ்வாய்

ஓல்டன் ஆஸ்பத்திரியின் நிலவறை.
அதிகாலை இரண்டேகால்.
சமையற்கட்டின் மெய்நிகர் இயந்திரம்
எழும்பி உட்கார்ந்துவிட்டது.
பச்சை விளக்கு. பிழைச் செய்தி ஒன்றுமில்லை.
அதன் கடிகாரத்தில் வெள்ளி,
அதன் பட்டியலில் இன்னும் செவ்வாய்.

மேலிருந்து மிர்யேத்தா அழைத்தாள்.
அவளுக்கும் எனக்கும் ஜெர்மன் இரவல் மொழி,
ஆகவே வேண்டியதை மட்டும் பேசுவோம்.
'பதினான்காம் கட்டிலுக்குச்
சீனி போடாத ஆப்பிள் மசியல் என்று தாள் வந்தது.
செய்தும் வைத்துவிட்டேன்.
பெயர் ஹெட்விக் நுஸ்பௌமர்.
இப்போது அங்கே கிடப்பது கால் முறிந்த பொடியன்.'

அணைத்து ஏற்றினேன்.
செவ்வாய்.
மறுபடி அணைத்து ஏற்றினேன்.
செவ்வாய்தான், சற்றுக் கோணலாக:
சில கோப்புகள் தங்களையே
இரண்டு விதமாக நினைவுகூர்ந்தன.

ரேத்தோவை எழுப்பவில்லை.
மாலையில் அவன் இரண்டாம் சர்வரைப் பிரித்து
மெமரித் துண்டுகளை மாற்ற எடுத்துவைத்தான்.
மூன்று நாளாய் அங்கே ஓடிய இயந்திரத்தை
முதலாம் சர்வருக்கே திருப்பிவிட்டுப் போனான்.
குறை சொல்ல ஏதுமில்லை.

டிஸ்க்கை இரண்டு வழியாக வாசித்துப் பார்த்தேன்.
ஒன்று எல்லோரும் போகும் வழி.
மற்றது இடையில் எவரையும் நம்பாமல்
நேரே சேமிப்பகத்தின் கதவைத் தட்டும் வழி.
ஒரே கட்டம், ஒரே எண்,
கூட்டிப் பார்த்தால் இரண்டு தொகை.

விரல் நுனி அப்போதுதான் குளிர்ந்தது.
டிஸ்க் பொய் சொல்லவில்லை,
டிஸ்க்கிடம் யாரும் கேட்கவே இல்லை.
செவ்வாயன்று வாசித்ததையெல்லாம்
முதலாம் சர்வர் கேஷில் மடித்து வைத்திருக்கிறது.
கேட்குமுன்னே எடுத்து நீட்டுகிறது,
பழைய பேப்பரைப் புதிதுபோல் விற்கும்
கெட்டிக்காரக் கடைக்காரன் மாதிரி.

இதை மரியாதையாக நிறுத்தக் கூடாது.
மரியாதையாக நிறுத்தினால்
விடைபெறும்போது எழுதும்;
தன் செவ்வாயை எடுத்து
நடந்து முடிந்த வியாழனின் மேல் அப்பும்.
இரண்டு தடவை அப்படித்தான் வழியனுப்பியிருக்கிறேன்.
மூன்றாம் தடவை
கழுத்தைப் பிடித்து நிறுத்தினேன்.

கேஷைக் கொட்டும் கட்டளை ஒரே வரி.
தட்டுமுன் அமைப்புக் கோப்பைத் திறந்தேன்,
இதை இப்படி வைத்தவனை
ஒருமுறை ஏசிவிடலாம் என்று.
மார்ச் ஒன்பது.
குறிப்பு: 'கொஞ்சம் வேகமாகட்டும்.'
கீழே சுகிர்தா.
என் பெயர், எழுத்துப்பிழைகூட இல்லாமல்.

கொட்டினேன்.
இனிக் கேஷ் வேண்டாம் என்று வரியை மாற்றினேன்.
டிஸ்க்கைச் சோதித்ததில்
பதிவேட்டில் நாற்பது நிமிடம் கிழிந்திருந்தது.
பெயர்கள் தப்பியிருந்தன.
ஏற்றினேன்.
இந்தத் தடவை மெதுவாக எழும்பியது,
ஒவ்வொரு கட்டத்துக்கும்
நடந்துபோய்க் கேட்டு வருகிறதாக்கும்.

பதினான்காம் கட்டில்: லியாண்ட்ரோ புக்மான்,
ரொட்டி இரண்டு பங்கு.
நுஸ்பௌமர் என்று தேடினேன்.
கிடைக்கவில்லை.
அழிந்த வரி, தான் போனது வீட்டுக்கா
வேறெங்குமா என்று சொல்வதில்லை.
எங்கள் நிரலில் இரண்டுக்கும் ஒரே பொத்தான்.

நாலே முக்காலுக்கு மேலே போனேன்.
புதுத் தாள் சுவரில் ஏறியிருந்தது.
'அந்த அம்மா?' என்றேன்.
'எனக்குத் தெரிந்தது தட்டு மட்டும்.'
மேசையில் ஒரு கிண்ணம் மிச்சம்,
பதினான்கு என்று ஒட்டிய சீட்டோடு.
கரண்டியொன்றைத் துடைத்து நீட்டினாள்.

ஆரை ஆற்றுக்கு அப்பால்
பெட்டிகளைக் கோர்க்கும் சத்தம் கேட்டது.
நின்றபடியே தின்றேன்.
சீனி இல்லைத்தான்.
துளி கறுவா போட்டிருந்தாள்.
அது எந்தத் தாளிலும் இல்லை.