ரசீது

முட்டை லாரி இறக்கிவிட்டுப் போன
அட்டைப்பெட்டிக்குள் கிடந்தாள்.
புளியரை சோதனைச் சாவடிக்கு
ஒரு தாளும் இல்லாமல் வந்த சரக்கு என்று
மாசானம்தான் பெயர் வைத்தான்: ரசீது.

மலையிறங்கி வரும் வண்டிகளின்
சக்கரங்களுக்கு மருந்தடிப்பது என் வேலை.
அந்தப் பக்கம் வாத்துகள் செத்தால்
இந்தப் பக்கம் எனக்கு இரவுப்பணி.
நான் பிடித்த குழாயை அவள் கடிப்பாள்.
செருப்பு வாரை, மழைக்கோட்டின் நுனியை,
பதிவேட்டின் மூலையை,
தரையில் ஓடும் லாரி வெளிச்சத்தைக்கூட
ஒரு தடவை கடித்துப் பார்த்துவிட்டாள்.

அன்று கடித்தது
தடுப்புக் கம்பத்தின் சங்கிலியை.
கம்பம் ஏறிற்று.
சங்கிலி விறைத்தது.
சுண்டினாற்போல் ஒரு சத்தம்.
அழவில்லை. தண்ணீர்ச் சட்டியை மட்டும்
முகர்ந்துவிட்டு
விலகிப் போய்ப் படுத்தாள்.

செல்போன் வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கினேன்.
மேலே இடது கோரைப்பல் பாதிதான் இருந்தது.
முறிந்த இடத்தின் நடுவில்
குண்டூசித் தலையளவு சிவப்பு.

"பால்பல்லுதான வே, டெம்பரவரி.
தானா விழும். விட்டுத் தள்ளும்" என்றான் மாசானம்.

டெம்பரவரி.
பதினோரு மாதத்துக்கு ஒருமுறை என்னை நிறுத்தி
ஒரு நாள் விட்டு
மறுபடி சேர்க்கும் தாளில் இருக்கும் சொல்.
பதில் சொல்லாமல் எழுந்து போய்
அடுத்து வந்த வாழைக்காய் லாரிக்கு
இரண்டு முறை மருந்தடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. செங்கோட்டையில் பூட்டியிருக்கும்.
விடிந்ததும் ஆரியங்காவுக்கு பஸ் ஏறினேன்.
எஸ் வளைவில் பெட்டி ஒரு பக்கம் சரிய
அவள் மறு பக்கம் சரிந்தாள்.

ஜெஸி டாக்டர் வீட்டு முற்றத்தில்
எனக்கு முன்னால் ஓர் ஆடு, ஒரு கிளி.

"பால்பல்லு தன்னெ.
பக்ஷே வேரு உள்ளே உண்டு.
அது பழுத்தால்
பின்னாலெ வருந்ந பல்லும் கேடு."

வேர், பல், பால்
எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.
வலிக்கு மட்டும் அவர் வேதனை என்றார்.
எங்கள் ஊரில் அது
மனசுக்கு வருவது.

ஊசி போட்டதும் என் முழங்கையில் தலை சாய்த்தாள்.
எதையும் கவ்வாத அவள் வாயை
அப்போதுதான் முதலில் பார்த்தேன்.
டாக்டர் இழுக்கவில்லை.
கிழங்கைச் சுற்றி மண் விலக்குவதுபோல
நெம்பி, நிறுத்தி, துடைத்து, நெம்பி
இருபது நிமிஷம்.
பஞ்சில் வைத்துக் காட்டினார்.
வெளியே தெரிந்தது அரை அரிசி.
உள்ளே ஒளிந்திருந்தது
நகக்கீற்றாய் வளைந்து
அதைப்போல் மூன்று பங்கு.

திரும்பும் பஸ்ஸை எங்கள் சாவடியிலேயே நிறுத்தினார்கள்.
பகல்பணி மைதீன்பிச்சை சக்கரத்துக்கு அடித்தான்.
இத்தனை வருஷத்தில்
நான் உள்ளே உட்கார்ந்து கேட்டதில்லை.
கீழிருந்து மேலே பெய்யும் மழை.
படியேறி, யார் முகத்தையும் பாராமல்
மனப்பாடமாய்க் கேட்டான்:
"கோழி, வாத்து, முட்டை, தீவனம்?"
"இல்லை" என்றேன்,
சட்டைப்பையில் பஞ்சைத் தொட்டுக்கொண்டு.
மடியில் பெட்டி லேசாக அசைந்தது,
மருந்து வாடை எட்டியிருக்க வேண்டும்.

தொள்ளாயிரம் ரூபாய் பில்.
அதில் மலையாளத்தில் அவள் பெயர்.
"இப்பத்தான் வே இவளுக்குத் தாளு வந்திருக்கு"
என்று மாசானம் வாங்கி
பதிவேட்டின் அட்டைக்குள் செருகிக்கொண்டான்.

பத்து நாள் தயிர்சாதம்.
பதினோராம் நாள் குழாயைப் பிடித்தாள்,
வலப் பக்கத்தால் மட்டும்.

தடுப்புக் கம்பத்தில் இப்போது சங்கிலி இல்லை.
கயிறு, தேங்காய் நாரில் திரித்தது.
யார் மாற்றியது என்று
பதிவேட்டில் இல்லை.