படகுச் சுருதி

இன்னாசி கிதாரை மடியில் கிடத்திக்கொள்வான்,
காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போல.
தந்தியை விரலால் அழுத்தமாட்டான்,
எஃகுக் கட்டை ஒன்றை அதன்மேல் வழுக்கவிடுவான்.
சுரம் நடக்காது, சறுக்கும்.
அறுபத்தொன்பதில் பினாங்கில் அதற்குப் பெயரில்லை.

பாகான் விமானத் தளத்து ஆஸ்திரேலியர்கள்
சனிக்கிழமைக்குக் கேட்டது மாட்டுக்காரன் பாட்டு.
ஊர்ப் பையன்கள் கேட்டது ராக்.
நாசி கண்டார்க் கடையில் எல்லாக் குழம்பையும்
ஒரே தட்டில் ஊற்றச் சொல்கிறவன் அவன்.
மேடையிலும் அப்படியே செய்தான்.
சத்தம் அதிகம், என்றான் வெள்ளைக்காரன்.
மாட்டு வாடை, என்றார்கள் பையன்கள்.
பறந்து வந்த பீர் மூடிகளைப் பொறுக்கி எண்ணி
"போன வாரத்தைவிடக் குறைவு" என்பான்
டிரம்ஸுக்குப் பின்னால் பதுங்கியிருந்த என்னிடம்.

சுருதி பார்க்க எங்களிடம் ஒன்றுமில்லை.
ஆறரைப் படகு கிளம்பும்போது ஊதும்.
துறை வாசலில் நின்று
அந்த ஒரு மூச்சுக்குள் முறுக்கிக்கொள்ள வேண்டும்.

எழுபத்திரண்டில் சிங்கப்பூரில் இசைத்தட்டு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கோ பூன் செங்:
"எல்லாமே கால் சுரம் கீழே கிடக்கிறது, ஏற்றிக் கட்டுங்கள்."
இன்னாசி எழுந்திருக்கவில்லை.
"படகிடம் சொல்லுங்கள். அது ஏறினால் ஏறுகிறோம்."
முந்நூறு அடித்தார்கள்,
அட்டையில் அவன் பெயரில் ஓர் எழுத்தைத் தின்றுவிட்டு.
விற்றது நாற்பத்தொன்று.
அதில் ஆறு என் அக்கா.

பிறகு பத்து ஃபெரிங்கி ஹோட்டலில்
ஜெர்மானியர் சூப் குடிக்க வாசித்தான்.
கல்யாண விருந்தில் சினிமாப் பாட்டு கேட்டார்கள்,
அதையும் சறுக்கவிட்டான்; மாப்பிள்ளை வீட்டார் முறைத்தார்கள்.
ஆஸ்திரேலியர்கள் மூட்டை கட்டினார்கள்.
நான் சுங்கத்துறையில் சேர்ந்தேன்.
அவன் எதிலும் சேரவில்லை.
கை விளங்காமல் போன வருஷமும்
சட்டைப் பையில் அந்தக் கட்டை,
பை கிழிகிற அளவு கனமாக.

போன மாதம் கோலாலம்பூரிலிருந்து ஒரு பையன்,
காதில் கடுக்கன்.
ஆயிரத்து இருநூறு வெள்ளிக்கு அந்தத் தட்டை வாங்கினானாம்.
"முன்னோடி அங்கிள் அவர்" என்றான்.
முன்னால் ஓடியவனா?
ஆறரைப் படகையே பாதி நாள் விட்டவன்.
"கணினியில் சுருதியைச் சரிசெய்துவிட்டேன்."
போட்டுக் காட்டினான்.
சுத்தமாக இருந்தது,
நாங்கள் ஐவரும் குளித்துத் தலைசீவி வந்ததுபோல்.

பழையதைப் போடு தம்பி, என்றேன்.
கீறல். கீறல். ஒரு இருமல், அது என்னுடையது.
பிறகு கால் சுரம் கீழே,
தண்ணீர் மட்டத்தில்,
கிளம்பிக்கொண்டிருந்தோம்.